நிழல் வரும் நேரம்: அவிநாசி முதல் கார்கில் வரை

சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் வரும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலை நம்பி வாழ்பவர்களுக்கு அமாவாசையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் ஏற்றம் மிகுந்திருப்பதும், இரவில் நிலவொளி இல்லாதிருப்பதும் அவர்களுடைய தொழிலோடு பிணைந்த செய்திகள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சந்திரன் வந்து நிற்கும் நாள் அது. அப்படியானால் ஒவ்வோர் அமாவாசையன்றும் சூரியன் மறைய வேண்டுமல்லவா? ஏன் மறைவதில்லை?

இயற்பியல் வகுப்பில் இக்கேள்விக்கு விடை சொன்னவுடன் மாணவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்: "நம் இராயபுரத்தில் முழுச் சூரிய கிரகணம் எப்போது தெரியும்?" முதல் கேள்விக்கு ஒரு படம் வரைந்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு விடை காண நூற்றைம்பது ஆண்டு வரலாற்றையே புரட்ட வேண்டும். அவ்வரலாற்றில் சென்னைக்கும் தமிழர்க்கும் தனி இடம் உண்டு.

இரு தட்டுகளும் ஒரு நிழலும்

சந்திரன் பூமியைச் சுற்றும் தளமும், பூமி சூரியனைச் சுற்றும் தளமும் ஒன்றல்ல. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 5 பாகை சாய்வு உண்டு. ஆகவே பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரனின் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ விண்வெளியில் சென்றுவிடுகிறது. இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை நம் முன்னோர் இராகு, கேது என்றனர். அப்புள்ளிகளின் அருகே அமாவாசை நேரும்போதுதான் கிரகணம் உண்டாகும். இராகுவும் கேதுவும் பாம்புகள் அல்ல. கணக்கில் வரும் இரு வெட்டுப் புள்ளிகளே.

சூரியனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. அதன் தொலைவும் ஏறக்குறைய அதே மடங்கு. எனவே வானத்தில் இரண்டும் ஒரே அளவுத் தட்டுகளாகத் தோன்றுகின்றன. சந்திரனின் கருநிழல் கூம்பு வடிவில் குறுகிக்கொண்டே வந்து, பூமியை எட்டும் வேளையில் ஏறக்குறைய நுனியளவே மிஞ்சியிருக்கும். அந்த நுனி தரையில் வரையும் பட்டையின் அகலம் பெரும்பாலும் 270 கி.மீ.க்கு மேற்படாது. பட்டைக்குள் நிற்பவர்க்கு முழுக் கிரகணம். வெளியே புறநிழலில் நிற்பவர்க்குப் பகுதிக் கிரகணம். சந்திரன் சற்றுத் தொலைவில் இருந்து நுனி தரையை எட்டாவிட்டால், சூரியனின் விளிம்பு வளையமாகத் தெரியும். அதுவே கங்கண கிரகணம்.

உலகில் நூறாண்டுகளில் சுமார் 66 முழுக் கிரகணங்கள் நிகழ்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஓர் ஊருக்கு அது வாய்ப்பது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். கிரகணம் அரிதன்று, நாம் நிற்கும் இடத்தில் நிழல் விழுவதுதான் அரிது.

சோழிகளால் ஒரு கணக்கு

கிரகண நேரத்தை முன்கூட்டிச் சொல்லும் கலை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. சென்னை வானாய்வுக்கூடத்தில் 1805 முதல் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்பவர், தென்னாட்டுக் காலக்கணக்கை ஆராய்ந்து 'கால சங்கலிதம்' என்னும் நூலை 1825 இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரை அவர் அதில் குறிப்பிடுகிறார். அவர் தாளோ எழுதுகோலோ பயன்படுத்தவில்லை. தரையில் சோழிகளை வைத்து எண்களைக் குறித்தார். தேவையான அட்டவணைகள் யாவும் வாக்கியங்களாக அவருடைய நினைவில் இருந்தன. அவற்றைக் கொண்டு 1825 மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடுவேளையில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது.

மனப்பாடத்தையும் சோழிகளையும் மட்டும் துணைகொண்டு இவ்வளவு நெருங்கி வந்தது வியப்புக்குரியது. 248 நாள்களில் சந்திரன், பூமியை நெருங்கியும் விலகியும் ஓடும் சுற்றை ஒன்பது முறை முடிக்கிறது. இதைக் கண்டு, நாளுக்கொரு வாக்கியமாக 248 வாக்கியங்களை அமைத்த முறையே வாக்கிய முறை. ஆனால் அம்முறையின் அடிப்படை எண்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டவை. ஒரு கடிகாரம் நாளொன்றுக்கு அரை விநாடி தவறினாலும் பல ஆண்டுகள் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? அதுவே இங்கும் நேர்ந்தது. 52 நிமிடம் என்பது இரண்டு நாழிகைக்கும் மேல்.

அது சந்திர கிரகணம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பூமியின் நிழலில் சந்திரன் நுழைவதால், நிலவு தெரியும் ஊர்கள் அனைத்திலும் ஒரே கணத்தில் அது தொடங்கும். சூரிய கிரகணம் அத்தகையதன்று. கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, துறைமுகத்திற்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் கப்பலை மறைப்பதும் விடுவதும் தெரியும். விரல் அருகிலும் கப்பல் தொலைவிலும் இருப்பதே காரணம். சந்திரன் அந்த விரல். சூரியன் அந்தக் கப்பல். பூமியின் இரு ஓரங்களிலிருந்து பார்த்தால் சந்திரன் வானில் ஏறத்தாழ 2 பாகை இடம் மாறித் தோன்றும். அதன் தட்டோ அரைப் பாகைதான். எனவே சூரிய கிரகணத்திற்கு நேரம் சொல்ல வேண்டுமானால் முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரியாமல் விநாடிக் கணக்கு இல்லை.

சென்னை நேரம்

ஊர்களின் தீர்க்கரேகையைத் துல்லியமாக அறிய வேண்டிய தேவை கப்பலோட்டிகளுக்கும் நில அளவையாளர்களுக்கும் இருந்தது. அதற்காக எழுந்ததே சென்னை வானாய்வுக்கூடம். வில்லியம் பெட்ரி என்பவர் 1786 இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792 இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் அமைத்தது. கருவியைத் தாங்கிய 15 அடி உயரக் கருங்கல் தூண், இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது. அதில் தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. இந்திய நில அளவையின் தீர்க்கரேகைகளெல்லாம் இந்த இடத்தைக் கொண்டே கணக்கிடப்பட்டன.

அங்கு அளந்த நேரமே 'சென்னை நேரம்'. அது கிரீன்விச் நேரத்தைவிட சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது. இராயபுரத்தில் 1856 இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ரயில் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு ஒரு நேரம் என்பது பெருந்தொல்லையாயிற்று. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தையே பொது நேரமாகக் கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து இந்தியத் திட்ட நேரம் வந்தது. சென்னையின் தீர்க்கரேகை சுமார் 80¼ பாகை. வேறுபாடு 2¼ பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் 9 நிமிடம். பழைய கிரகணக் குறிப்பில் சென்னை நேரம் 7 மணி என்று கண்டால், இன்றைய கடிகாரக் கணக்கில் அது 7 மணி 9 நிமிடம் என்று கொள்க.

வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று

1868 ஆகஸ்ட் 18 ஆம் நாள் ஒரு முழுக் கிரகணப் பட்டை தக்காணத்தைக் கடந்தது. சென்னை அதற்கு வெளியே இருந்தது. வானாய்வுக்கூடத் தலைவர் நார்மன் ராபர்ட் போக்சன், வடக்கே சுமார் 350 கி.மீ. தொலைவிலுள்ள மசூலிப்பட்டினம் சென்றார். இரண்டாவது குழுவை இன்றைய தெலங்கானாவிலுள்ள வனபர்த்திக்கு நடத்திச் சென்றவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பிரெஞ்சு அறிஞர் ழான்சன் குண்டூரில் கருவிகளோடு காத்திருந்தார். கருநிழல் விழுந்த நிமிடங்களில் சூரிய விளிம்பின் செந்நிறச் சுவாலைகளை நிறமாலைநோக்கியால் ஆராய்ந்தனர். பிரகாசமான கோடுகள் தெரிந்தன. சுவாலைகள் வெப்பம் மிகுந்த வாயு என்பது உறுதியாயிற்று. அவற்றுள் ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோடுகளுக்கு அருகில் இருந்தும் அவற்றோடு பொருந்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர், கிரகணம் இல்லாமலே அக்கோட்டைக் கண்டார். பூமியில் அறியப்படாத அத்தனிமத்திற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அதை ராம்சே 1895 இல்தான் பிரித்தெடுத்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1871 டிசம்பர் 12 காலையில், மற்றொரு நிழல் வந்தது. இம்முறை பட்டை சென்னைக்குத் தென்மேற்கே விழுந்தது. கேரளக் கரையில் பேக்கல் கோட்டையில் லாக்கியர், நீலகிரியில் சோலூரில் ழான்சன், உதகையை அடுத்த தொட்டபெட்டாவில் டென்னன்ட், அவிநாசியில் போக்சன், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய ஊர்களில் மற்றக் குழுக்கள். தமிழ் வழங்கும் நிலத்தின் ஊடே அந்நிழல் கோடு கிழித்துச் சென்றது எனலாம். சூரியன் கீழ்வானில் தாழ்ந்து நின்ற அவ்வேளையில், ஒளிமகுடத்தின் நிறமாலையில் கரிய கோடுகள் இருப்பதை ழான்சன் கண்டார். சூரியனின் ஒளியை அங்குள்ள துகள்கள் சிதறச் செய்கின்றன என்பதற்கு அது சான்று.

அவிநாசி சென்னையிலிருந்து சுமார் 400 கி.மீ. அந்நாளில் சென்னையின் ரயில் முனையம் இராயபுரமே. சென்ட்ரல் நிலையம் 1873 இல்தான் திறக்கப்பட்டது. இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூர்ப் பக்கமாக மேற்குக் கரையை எட்டியிருந்தது. தொலைநோக்கியும் நிறமாலைநோக்கியும் கெடாமல் செல்ல ரயிலும், நேரத்தை ஒப்பிடத் தந்தியும் இல்லாதிருந்தால், இரண்டு நிமிடச் சொச்சமே நீடிக்கும் காட்சியை இத்தனை ஊர்களில் ஒருங்கே அளந்திருக்க முடியாது.

சென்னைக்கு ஒன்றுமே கிட்டவில்லையா? 1872 ஜூன் 6 அன்று கங்கண கிரகணம் ஒன்று சென்னையிலேயே தெரிந்தது. சூரியனின் நிறமண்டலக் கோடுகள் கணநேரம் மின்னி மறைவதை அப்போது போக்சன் பதிவு செய்தார்.

இரகுநாதாச்சாரியார்

இவ்வரலாற்றில் நம் மாணவர்கள் மறக்கக்கூடாத பெயர் இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். வானாய்வுக்கூடத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872 இல் இலண்டன் ராயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. பகலில் முன்னோர் முறையையும், இரவில் தொலைநோக்கியையும் ஒருங்கே அறிந்தவர் அவர். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வானத்தையே நடுவராக வைத்தார். கண்ணால் காண்பதோடு பொருந்தும் திருக்கணித பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதிட்டு, அத்தகைய பஞ்சாங்கத்தை வெளியிட்டும் காட்டினார். 1880 இல் அவர் மறைந்தார். வாக்கியமா, திருக்கணிதமா என்ற விவாதம் இன்றும் வீடுகளில் நடக்கிறது. கிரகணத்தைப் பொறுத்தவரை அதைத் தீர்க்க எளிய வழி உண்டு: கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதே அது.

ஒரு குடும்பத்தின் பத்து உறுப்பினர்கள்

1871 இல் அவிநாசியில் விழுந்த நிழல் அத்தோடு மறைந்துவிடவில்லை. 223 அமாவாசைகள் கடக்க 6585 நாளும் சுமார் 8 மணியும் ஆகும். இது 18 ஆண்டும் 11 நாளும் 8 மணியும் ஆகும். இடையில் வரும் லீப் ஆண்டுகளைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். இக்காலத்தில் சந்திரன் வெட்டுப் புள்ளிக்கும் திரும்புகிறது. பூமியிலிருந்து அதன் தொலைவும் ஏறக்குறையப் பழையபடியே அமைகிறது. ஆகவே ஏறத்தாழ அதே கிரகணம் மீண்டும் நிகழ்கிறது. இதற்குச் 'சாரோஸ்' சுழற்சி என்று பெயர்.

மிஞ்சும் 8 மணி நேரம்தான் இடத்தை மாற்றுகிறது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் அடுத்த நிழல் ஏறத்தாழ 120 பாகை மேற்கே விழும். மூன்று சுழற்சி முடிந்தால் ஒரு முழு நாள் நிறைவுறும். ஏறக்குறைய 54 ஆண்டும் ஒரு மாதமும் கழித்து நிழல் பழைய பகுதிக்கே திரும்பும்.

இனி 1871 இன் குடும்பத்தைப் பாருங்கள். 1871 டிசம்பர் 12, தென்னிந்தியா. 1889 டிசம்பர் 22, கரிபியன் கடலும் ஆப்பிரிக்காவும். 1908 ஜனவரி 3, பசிபிக் பெருங்கடல். 1926 ஜனவரி 14, கிழக்கு ஆப்பிரிக்காவும் சுமத்திராவும். 1944 ஜனவரி 25, தென் அமெரிக்கா. 1962 பிப்ரவரி 5, நியூகினி. 1980 பிப்ரவரி 16, மீண்டும் இந்தியா! பிறகு 1998 பிப்ரவரி 26, கரிபியன். 2016 மார்ச் 9, இந்தோனேசியா. அடுத்தது 2034 மார்ச் 20. அன்று மாலை கருநிழல் கார்கில் பகுதியைத் தொடும்.

அவிநாசியில் போக்சன் கண்ட கிரகணமும், நம் பெற்றோர் 1980 இல் அறிந்த கிரகணமும், இனிக் கார்கில் காணப்போகும் கிரகணமும் ஒரே குடும்பத்தினர். ஒவ்வொரு முறையும் பாதை சற்றே வடக்கே நகர்வதால்தான் அவிநாசியில் விழுந்தது பிறகு ஹூப்ளி வழியாகப் பூரிக்கும், அடுத்துக் கார்கிலுக்கும் செல்கிறது.

குடும்பம் வேறானாலும் பாதை ஒத்துப்போவதும் உண்டு. 2019 டிசம்பர் 26 இன் கங்கண கிரகணம் வேறொரு சாரோஸைச் சேர்ந்தது. எனினும் அது காசர்கோடு மாவட்டத்தில் கரையேறி, நீலகிரி, கோயம்புத்தூர், புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் சென்றது. 148 ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சியாளர்கள் முகாமிட்ட ஊர்களை அது ஏறத்தாழ மறுபடி தொட்டது. சென்னைக்கு அன்றும் பகுதிக் கிரகணமே.

உலக்கை நிற்பது எதனால்?

1980 பிப்ரவரி 16 பிற்பகல், முழுக் கிரகணப் பட்டைக்குள் கர்நாடகத்தில் ஜவளகெரெயிலும், ஐதராபாத் அருகே ஜப்பால்–ரங்காபூரிலும் நம் நாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு நின்றனர். அதே வேளையில் நாட்டின் பல நகரங்களில் கடைகள் மூடியிருந்தன, தெருக்கள் வெறிச்சோடின. நிழல் தங்கள் ஊரின் மீதே வந்தும், பலர் சன்னலைத் திரையிட்டு மூடிக்கொண்டனர். இன்னும் நூற்றாண்டுகளுக்கு வாய்க்காத காட்சியை வீட்டுக்கு வெளியே இரண்டு அடி தூரத்தில் தவறவிட்டனர்.

கிரகணத்தின்போது தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தி, அது விழும்போது கிரகணம் விட்டது என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. 2019 இலும் இதைக் கண்டோம். அடிப்பாகம் தட்டையாயிருந்து, ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் நேர்கோடு அந்த அடிப்பாகத்திற்குள் விழுமானால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். ஐயமுள்ளவர்கள் நாளைக் காலையே நிறுத்திப் பார்க்கலாம். நின்றால், கிரகணத்திற்கும் உலக்கைக்கும் உறவில்லை என்பது விளங்கும்.

அச்சம் ஒன்று நியாயமானது: கண்ணைப் பற்றிய அச்சம். பகுதிக் கிரகணத்தின்போது சூரியனை நேரே பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும். வலி தெரியாமலே பார்வை போய்விடலாம். புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், பாத்திரத்து நீரில் தெரியும் பிம்பம் ஆகிய எவையும் பாதுகாப்பானவை அல்ல. தரச்சான்று பெற்ற சூரியக் கண்ணாடி வேண்டும். அதுவும் இல்லையேல் ஓர் அட்டையில் ஊசித்துளை இட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, 2 மீட்டருக்கு அப்பால் வெள்ளைத் தாளில் பிம்பத்தை விழச் செய்யுங்கள். ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் அகலமுள்ள பிறைச் சூரியன் தெரியும். கீற்றுக் கொட்டகையின் ஓட்டைகளும் மரத்தின் இலையிடுக்குகளும் இதே வேலையைச் செய்வதைத் தரையில் காணலாம்.

நாம் செய்யக்கூடியது

முழுக் கிரகணம் இராயபுரத்தைத் தேடி வரும்வரை காத்திருக்க ஓர் ஆயுள் போதாது. போக்சனும் இரகுநாதாச்சாரியாரும் செய்ததுபோல நிழல் விழும் இடத்திற்கு நாம்தான் செல்ல வேண்டும். 2031 மே 21 அன்று கேரளத்தின் தென்பகுதியையும் தமிழகத்தின் தென்பகுதியையும் கங்கண கிரகணம் கடக்கிறது. ஓர் இரவு ரயில் பயணம் போதும். செல்ல இயலாதவர்க்கு வட சென்னையிலேயே பகுதிக் கிரகணம் தெரியும்.

அன்று மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். இராயபுரத்தில் ஒரு குழு, திருவொற்றியூரில் ஒன்று, ஏறத்தாழ 12 கி.மீ. தள்ளி எண்ணூரில் ஒன்று. மூன்று குழுக்களும் கடிகாரங்களை ஒரே நேரத்திற்குத் திருத்திக்கொண்டு, ஊசித்துளைப் பிம்பத்தில் முதல் கடி விழும் கணத்தையும் கடைசிக் கடி விலகும் கணத்தையும் குறிக்க வேண்டும். சந்திர நிழல் தரையில் நிமிடத்திற்குப் பல பத்து கி.மீ. விரையக்கூடியது. எனவே ஊருக்கு ஊர் எதிர்பார்க்கும் வேறுபாடு சில விநாடிகளே. அது கையில் பிடிபடுகிறதா, அல்லது நம் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடுகிறதா என்று பாருங்கள். பிறகு வாக்கியம், திருக்கணிதம் ஆகிய இரு பஞ்சாங்கங்களிலும் அச்சிட்ட நேரங்களைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். எது எத்தனை நிமிடம் விலகியது என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும்.